நாலு நண்பர்கள், நாலு ஊர்: எந்தக் கன்சோல் வாங்கலாம்?

பொள்ளாச்சியில் ஒருவன், கொழிஞ்சாம்பாறையில் ஒருவன், கோவையில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டவன் ஒருவன், ஷார்ஜாவில் ஒருவன். பாலக்காட்டு எல்லையில் வளர்ந்த எந்த நண்பர் கூட்டத்தை எடுத்தாலும் படிப்பு முடிந்த கையோடு இப்படித்தான் சிதறிப் போகிறது. ஒரே மைதானத்தில் பந்து உதைத்தவர்கள், ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரமாவது சேர்ந்து ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்துப் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "பிஎஸ்5 வாங்கலாமாண்ணா, எக்ஸ்பாக்ஸ் வாங்கலாமா?" பிஎஸ்5 என்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாஃப்டுடையது. இரண்டும் டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டிகள்.

தனியாக உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு அந்தக் கேள்வி சரி. கூட்டமாக ஆடுகிறவர்களுக்கு அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் எந்த ஆட்டம் என்று முடிவாக வேண்டும். அடுத்தது, நாலு வீட்டிலும் ஏற்கெனவே என்ன இருக்கிறது, நாலு பேரும் எதில் பேசிக்கொள்ளப் போகிறீர்கள் என்பது. இவை தெளிவானால் கன்சோல் எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். படத்தின் தரம், ஃப்ரேம் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆட்டம்

எங்கள் பக்கத்தில் கேட்கவே வேண்டாம், கால்பந்துதான். 2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் கட்-அவுட் வைத்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் காய்ச்சல் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் தமிழ் வீடுகளிலும் அதே அளவு உண்டு. கோடையில் ஊருக்கு ஊர் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, நடக்கிற மண் இது. அதனால் நூற்றுக்குத் தொண்ணூறு கூட்டம் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆடத்தான் கன்சோல் வாங்குகிறது. 2023 வரை ஃபிஃபா என்ற பெயரில் வந்ததுதான் இது.

இதில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிளேஸ்டேஷன்காரனும் எக்ஸ்பாக்ஸ்காரனும் ஒன்றாக ஆடும் கிராஸ்பிளே வசதி 2022-இல் வந்த ஃபிஃபா 23-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு எஃப்சி 24-இல், ஆளுக்கொரு வீரனாக ஒரே அணியில் ஆடும் கிளப்ஸ் முறைக்கும் அது வந்தது. நாலு நண்பர்களுக்கு எஃப்சி-யிலேயே உயிரான பகுதி அந்தக் கிளப்ஸ்தான். ஒருவன் ஸ்டாப்பர், ஒருவன் விங், ஒருவன் நடுவில், ஒருவன் முன்னால் என்று நிஜமாகவே ஒரு டீம் கட்டலாம்.

ஆனால் இந்தக் கிராஸ்பிளே தலைமுறை பார்த்துத்தான் சேர்க்கும். பழைய தலைமுறையான பிஎஸ்4-உம் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' பெட்டியும் ஒரு பக்கம். புதுத் தலைமுறையான பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், கூடவே கம்ப்யூட்டர் எல்லாம் இன்னொரு பக்கம். அதாவது பிஎஸ்5 வைத்திருப்பவனுக்கு, அதே கம்பெனியின் பிஎஸ்4 வைத்திருப்பவனைவிட, எதிர்க் கம்பெனியின் சீரிஸ் எஸ் வைத்திருப்பவன்தான் ஆட்டத்தில் கிட்டத்தில் இருக்கிறான். பெட்டியின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்து வாங்குகிற பலருக்கு இது பணம் கொடுத்த பிறகுதான் தெரிய வருகிறது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. பிஎஸ்5-இல் பிஎஸ்4 ஆட்டங்கள் ஓடும். புதுப் பெட்டிக்காரன் எஃப்சி-யின் பிஎஸ்4 பதிப்பைப் போட்டுக்கொண்டு பழைய பெட்டிக்காரனோடு ஆடலாம். மேலே இருப்பவன் கீழே இறங்கி வரலாம், கீழே இருப்பவன் மேலே ஏற முடியாது. நாலில் இரண்டு வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்4 இருந்தால், அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தை இப்படியே ஓட்டிவிடலாம். வேறு ஆள் சொல்கிறான் என்று அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

கால்பந்து அல்லாத கூட்டங்களுக்குக் கணக்கு மாறும். ராக்கெட் லீக், ஃபோர்ட்நைட், மைன்கிராஃப்ட் மூன்றும் எந்தப் பெட்டியிலிருந்தும் எந்தப் பெட்டியோடும் சேரும், தலைமுறைத் தகராறும் கிடையாது. ஜிடிஏ ஆன்லைன் நேர் எதிர். அதில் கிராஸ்பிளே என்பதே இல்லை. பிஎஸ்4-இல் இருப்பவன் பிஎஸ்5-இல் இருப்பவனோடுகூடச் சேர முடியாது. உங்கள் கூட்டம் ஜிடிஏ கூட்டம் என்றால் நாலு பேரும் ஒரே பெட்டி, ஒரே தலைமுறை வாங்கியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. கார் ஓட்டும் ஆட்டங்களில் கிரான் டூரிஸ்மோ 7 பிளேஸ்டேஷனில் மட்டும்தான். ஃபோர்ஸா ஹொரைசன் 5 முன்பு எக்ஸ்பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் இருந்தது, 2025 ஏப்ரலில் பிஎஸ்5-க்கும் வந்துவிட்டது. கப்பலேறிக் கொள்ளையடிக்கும் ஸீ ஆஃப் தீவ்ஸ் அதற்கு ஒரு வருஷம் முன்பே வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்கள் பிஎஸ்5-க்கு வருவது சாதாரணமாகிவிட்டது. எதிர்த் திசையில் வருபவை குறைவு. நாலு பேர் சேர்ந்து ஆடும் ஹெல்டைவர்ஸ் 2 மாதிரி ஒன்றிரண்டு 2025-இல் எக்ஸ்பாக்ஸுக்குப் போயிருக்கின்றன. ஆட்டப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் பிஎஸ்5 பக்கம் தராசு சாய்வது உண்மை.

காசு

விலை அடிக்கடி மாறுவதால் வந்த புதிதில் இருந்த விலையைச் சொல்கிறேன், விகிதம் புரியும். 2020 நவம்பரில் சீரிஸ் எஸ் இங்கே 34,990 ரூபாய், சீரிஸ் எக்ஸ் 49,990. 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 49,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பிறகு பிஎஸ்5 இரண்டும் ஐயாயிரம் ஏறின. ஆக, சீரிஸ் எஸ்-க்கும் டிஸ்க் பிஎஸ்5-க்கும் நடுவே பதினைந்திலிருந்து இருபதாயிரம் வித்தியாசம் இருந்தது. மாதச் சம்பளக்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த வித்தியாசத்துக்கு எதை இழக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் போடவே முடியாது. ஆட்டம் வாங்குவதெல்லாம் டவுன்லோடுதான். புது ஆட்டம் ஒன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. டிஸ்க்காக வாங்கினால் சூடு ஆறுவதற்குள் பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ விற்று நல்ல பங்கைத் திரும்ப எடுக்கலாம். நாலு பேரும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். ஓணத்துக்கு வந்தவன் ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போகலாம். வருஷத்துக்கு மூன்று நாலு ஆட்டம் வாங்கி விற்கிற கூட்டத்துக்கு, டிஸ்க் பெட்டிக்குக் கொடுத்த அதிகப் பணம் இரண்டு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடும். எஃப்சி ஒன்று மட்டுமே ஆடுவேன், வேறு எதையும் தொட மாட்டேன் என்பவனுக்கு அந்தக் கணக்கு நிற்காது. அவனுக்குச் சீரிஸ் எஸ் போதும். அடுத்த பதிப்பு வந்தவுடன் முந்தையதின் விலை விழுந்துவிடுகிற ஆட்டம் எஃப்சி. டிஸ்க்காக வைத்திருந்தும் பெரிய லாபம் இல்லை.

இன்னொன்று இடம். முதலில் வந்த சீரிஸ் எஸ்-இல் 512 ஜிபி என்று எழுதியிருந்தாலும் ஆட்டங்களுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி. கால் ஆஃப் டியூட்டி ஒன்றே 100 ஜிபி-யைத் தாண்டும். அப்புறம் என்ன மிஞ்சும்? வாங்கினால் 1 டிபி மாடலாகவே வாங்குங்கள். முதலில் வந்த பிஎஸ்5-இல் 825-க்கு 667 ஜிபி-தான் பயன்படும். பிறகு வந்த ஸ்லிம் மாடலில் 1 டிபி.

மாதச் சந்தாவை யாரும் முதல் நாள் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் சேர்க்க வேண்டும். பிளேஸ்டேஷனில் பிளஸ், எக்ஸ்பாக்ஸில் கேம் பாஸ் இல்லாமல், காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை ஆன்லைனில் ஆட முடியாது. எஃப்சி அதில் வரும். இலவச ஆட்டங்களுக்கு இந்தச் சந்தா வேண்டாம். ஃபோர்ட்நைட், 2020-இல் இலவசமான ராக்கெட் லீக், கொனாமியின் ஈஃபுட்பால் எல்லாம் அப்படி. எக்ஸ்பாக்ஸில் இந்த விலக்கு 2021 ஏப்ரலில் வந்தது. நாலில் ஒருவன் கையில் காசு இறுக்கமாக இருந்தால், அவனுக்காக மற்ற மூன்று பேரும் முதல் வருஷம் ராக்கெட் லீக்கிலும் ஈஃபுட்பாலிலும் இருப்பது நல்லது. கூட்டம் உடையாமல் இருக்கும். சந்தா கட்ட முடியாத ஒருவனை வெளியே நிறுத்திவிட்டு மூன்று பேர் மட்டும் ஆடுவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

கம்ப்யூட்டரில் ஆன்லைனுக்குச் சந்தா கிடையாது. கோவையில் இன்ஜினீயரிங் முடித்தவனிடம் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் இருந்தால், அவன் எதுவுமே வாங்க வேண்டாம். ஒரு கன்ட்ரோலர் போதும், பிஎஸ்5-காரனோடும் சீரிஸ்காரனோடும் எஃப்சி-யில் சேர்ந்துவிடுவான்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் அருமையான பெட்டி, ஒரே அறையில் நாலு பேர் உட்கார்ந்து ஆட அதை மிஞ்ச முடியாது. ஆனால் இந்தியாவில் கம்பெனி அதிகாரபூர்வமாக விற்பதில்லை. பழுது வந்தால் போக இடமில்லை, மற்ற மூன்று பேரிடமும் இருக்கப் போவதில்லை. தள்ளி வைக்கலாம்.

பழைய பிஎஸ்4-ஐப் பற்றி

சிறு நகரக் கடைகளில் "ஐம்பது கேம் ஏற்றியது" என்று ஒரு பிஎஸ்4 கிடைக்கும். விலையைப் பார்த்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். பூட்டை உடைத்த பெட்டி அது, ஜெயில்பிரேக் என்பார்கள். பழைய சாஃப்ட்வேரிலேயே நிறுத்தி வைத்தால்தான் அந்த உடைப்பு வேலை செய்யும். பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய வேண்டுமானால் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தால் ஏற்றிய ஐம்பதும் போச்சு. குறுக்கு வழியில் நுழைந்தால் பெட்டியையே தடை செய்துவிடுவார்கள். சேர்ந்து ஆடுவதற்காக வாங்குகிறவனுக்கு அந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. தம்பி தங்கைக்கு வீட்டோடு ஆட வாங்குவது வேறு கதை.

யோக்கியமான பழைய பெட்டி வாங்கும்போது கடையிலேயே போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள். பெட்டி தடை செய்யப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகளையும் தொடாமல் விட்டு, திரையில் ஆள் தானாக நகர்கிறானா என்று கவனியுங்கள். ஒரு டிஸ்க்கைப் போட்டு எடுங்கள். பத்து நிமிஷம் ஆட்டம் ஓடவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள்.

என் அபிப்பிராயம்: மற்ற மூன்று பேருமே பிஎஸ்4-இல் இருந்தால் தவிர, இனிமேல் புதிதாக பிஎஸ்4 வாங்க வேண்டாம். 2013-இல் வந்த பெட்டி அது. புது ஆட்டங்கள் பல அதற்கு வருவதே இல்லை.

பேச்சு

சேர்ந்து ஆடுவதில் பாதி சந்தோஷம் பேச்சில் இருக்கிறது. "பின்னாடி ஆள் வர்றான்டா, விடு விடு, எனக்கு விடு" என்று கத்த முடியாவிட்டால் கம்ப்யூட்டரோடு ஆடுவதற்கும் நண்பனோடு ஆடுவதற்கும் என்ன வித்தியாசம்?

பார்ட்டி என்பது ஆடிக்கொண்டே நண்பர்கள் கூடிப் பேசும் வசதி. பிளேஸ்டேஷனின் பார்ட்டி பேச்சு பிளேஸ்டேஷனுக்குள்தான், எக்ஸ்பாக்ஸின் பார்ட்டி எக்ஸ்பாக்ஸுக்குள்தான். கலந்த கூட்டத்துக்குப் பாலம், டிஸ்கார்டு என்ற பேசும் ஆப். எக்ஸ்பாக்ஸில் அது 2022 செப்டம்பரிலும் பிஎஸ்5-இல் 2023 மார்ச்சிலும் வந்தது. பிஎஸ்4-இல் அப்படி இல்லை, பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தனியாகப் பேச வேண்டும். பிஎஸ்4 கூட்டம் கலவையாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம், அதற்கு இது ஒரு காரணம்.

வளைகுடாவில் இருக்கும் நண்பனுக்காக ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, வாட்ஸ்அப் காலே போகாது. அதனால் பெட்டிகளை முடிவு செய்வதற்கு முன்பே அவனோடு டிஸ்கார்டு வேலை செய்கிறதா என்று போனிலேயே பேசிப் பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால் நாலு பேரும் ஒரே கம்பெனிப் பெட்டி வாங்குவதுதான் பத்திரம். பெட்டிக்குள் இருக்கும் பார்ட்டியையாவது முயற்சி செய்து பார்க்க இடம் இருக்கும்.

மைக்கைப் பொறுத்தவரை பிஎஸ்5 கன்ட்ரோலரிலேயே மைக் இருக்கிறது, சார்ஜ் ஆகும் பேட்டரியும் உள்ளேயே. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மைக் இல்லை, இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். இரண்டிலுமே பழைய போனோடு வந்த வயர் இயர்போனைச் செருகலாம். புளூடூத் இயர்பட்ஸ் இரண்டிலும் நேரடியாகச் சேராது. அந்தப் பழைய வயர் இயர்போன் மேஜை டிராயரில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லையில் நெட்

கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஒருவன் கேரள டெலிகாம் வட்டத்து இணைப்பில் இருக்கிறான், மற்றவன் தமிழ்நாட்டு வட்டத்தில். இருவரும் ஒரே சர்வரில் சந்திக்க வேண்டுமானால் இருவரின் தகவலும் சென்னை, மும்பை என்று சுற்றிவிட்டுத்தான் வரும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் அவ்வளவு தூரம். கண்ணாடி இழையில் வெளிச்சம் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி செகண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர், ஆகவே எந்தக் கம்பெனி இணைப்பானாலும் அங்கே போய்வர 29 மில்லி செகண்டுக்குக் கீழே வராது. பெரிய வேகப் பிளான் போட்டால் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் இந்த நேரம், குறையும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 300 எம்பிபிஎஸ் வாங்கினாலும் தூரம் தூரம்தான்.

ஆடும்போது செலவாகும் டேட்டா மிகக் குறைவு. வேகம் தேவைப்படுவது டவுன்லோடுக்கு. 100 ஜிபி ஆட்டத்தை 40 எம்பிபிஎஸ்-இல் இறக்கினால் ஐந்தரை மணி நேரம், 100 எம்பிபிஎஸ்-இல் இரண்டே கால் மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராக இருக்கும். ஆகவே பிளானுக்குக் கூடுதலாகக் கொட்டும் பணத்தை ஒரு நல்ல லேன் கேபிளுக்குச் செலவழியுங்கள். ஹாலில் ரவுட்டர், உள்ளறையில் டிவி, நடுவே பழைய வீட்டின் கனத்த சுவர் என்றால் வைஃபை பிங் குதித்துக்கொண்டே இருக்கும். சராசரி 40 என்று காட்டும், நடுநடுவே 200-க்கு எகிறும். கோல்கீப்பர் சிலை மாதிரி நிற்பது அந்த நொடியில்தான். போன் ஹாட்ஸ்பாட் இங்கே இன்னும் மோசம். எல்லையோரத்தில் போன் ஒரு நிமிஷம் கேரள டவரையும் அடுத்த நிமிஷம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கிறது.

ஆனால் கூட்டத்தைக் கெடுப்பதில் பிங்கைவிடப் பெரிய வில்லன் நாட் (NAT), அதாவது பல கருவிகள் ஒரே இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை. கேபிள்காரர்கள் கொடுக்கும் இணைப்புகள் பலவற்றில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரி. நூறு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? வெளியே இருந்து உங்கள் பெட்டியைத் தேடி வரும் இணைப்பு வழி தெரியாமல் நிற்கும். அதன் அறிகுறி விசித்திரமாக இருக்கும். நாலு பேர் பார்ட்டியில் இருப்பீர்கள். கோவைக்காரன் குரல் உங்களுக்குக் கேட்கும், கொழிஞ்சாம்பாறைக்காரனுக்குக் கேட்காது. "நான் கத்துறேன்டா, அவனுக்கு ஏன் கேக்கலை?" என்று சண்டை வரும். மைக்கை மாற்றுவார்கள், பெட்டியைக் குறை சொல்வார்கள். பெட்டியில் ஒன்றுமே இல்லை.

பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் போய் இணைப்பைச் சோதித்தால் நாட் டைப் 1, 2, 3 என்று காட்டும். 2 என்றால் நல்லது. 3 என்றால் சிக்கல், இரண்டு டைப் 3-காரர்கள் சந்தித்தால் கிட்டத்தட்ட நிச்சயம் சிக்கல். எக்ஸ்பாக்ஸில் ஓபன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று வரும், ஸ்ட்ரிக்ட்தான் சிக்கல். முதலில் ரவுட்டரில் யுபிஎன்பி (UPnP), அதாவது வெளி இணைப்புக்குத் தானாக வழி திறக்கும் வசதி, இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். சரியாகவில்லை என்றால் கேபிள்காரரிடம் "பப்ளிக் ஐபி வேணும்" என்று கேளுங்கள், உங்கள் வீட்டுக்கு மட்டுமான வெளி முகவரி அது. மாதம் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், சிலர் கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள். ஐபிவி6 என்ற புது முகவரி முறை உள்ள இணைப்பு என்றால் எக்ஸ்பாக்ஸ் அதைப் பயன்படுத்தித் தப்பித்துக்கொள்ளும். நாலு பேரும் கன்சோல் வாங்குவதற்கு முன்பே தங்கள் இணைப்பில் பப்ளிக் ஐபி கிடைக்குமா என்று விசாரித்துவிடுவது நல்லது. மூன்று வீட்டில் சரியாக இருந்தால், நாலாவது வீட்டில் ஸ்ட்ரிக்டாக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

கரன்ட்

ஆட்டத்தின் நடுவே கரன்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், ஆனால் பெட்டி அணைந்து திரும்ப ஓடத் தொடங்கும். பலரும் பெட்டியைச் சந்தேகப்படுகிறார்கள். வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறமோ முன்புறமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் ஈகோ அல்லது நார்மல். ஈகோவில் மாறும் நேரம் அதிகம், விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும், கன்சோலுக்குப் போதாது. அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலும் பெட்டிக்குக் கரன்ட் போனதே தெரியாது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கி வைத்தால் நிம்மதி.

பிஎஸ்5 ஆடும்போது 200 வாட்டை ஒட்டி இழுக்கும், சீரிஸ் எஸ் 75 வாட்டை ஒட்டி. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு ஒன்று 12 யூனிட், மற்றது நாலரை யூனிட். பில்லில் இது பெரிதில்லை. இன்வெர்ட்டரில் டிவியும் சேர்த்து ஓட்டும்போது வித்தியாசம் தெரியும். மழைக்காலத்தில் அடிக்கடி கரன்ட் போகிற வீடு என்றால் சீரிஸ் எஸ்-க்கு இது ஒரு நல்ல மதிப்பெண்.

துலா (ஐப்பசி) மாதத்து இடி எங்கள் பக்கம் சாயங்காலம்தான் வரும், சரியாக ஆட உட்காரும் நேரம். ஃபைபரில் மின்னல் ஏறாது என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. ஃபைபர் பெட்டியின் அடாப்டர் சுவர் பிளக்கில்தானே இருக்கிறது? அதிலிருந்து லேன் கேபிள் வழியாகக் கன்சோலுக்கு நேர்வழி. இடி கிட்டத்தில் வந்தால் பிளக், எச்டிஎம்ஐ, லேன் மூன்றையும் பிடுங்கிவிடுங்கள்.

கூட்டத்துக்கு என் முடிவு

நாலு பேரும் புதிதாக வாங்குகிறார்கள், ஆட்டம் முக்கியமாக எஃப்சி, அப்பப்போ வேறு ஆட்டமும் உண்டு என்றால்: காசு இருப்பவர்கள் டிஸ்க் உள்ள பிஎஸ்5, இல்லாதவர்கள் 1 டிபி சீரிஸ் எஸ். கலந்து வாங்கப் பயப்பட வேண்டாம். ஒரே தலைமுறையாக இருப்பதும் டிஸ்கார்டு வேலை செய்வதும்தான் முக்கியம். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் எக்ஸ்பாக்ஸ் அத்தனை சுலபமாகக் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவரும் குறைவு. பழைய டிஸ்க் சந்தை முழுக்க பிளேஸ்டேஷன் பக்கம். விலை வித்தியாசம் பத்தாயிரத்துக்குக் கீழே வரும் தள்ளுபடி நாளில் நான் யோசிக்காமல் பிஎஸ்5-ஐத்தான் சொல்வேன். இரண்டே பேர், அதிலும் கதையோடு ஆட ஆசை என்றால், 2025-இல் வந்த ஸ்பிளிட் ஃபிக்‌ஷன் ஒருவன் வாங்கினால் போதும், மற்றவன் ஃப்ரெண்ட்ஸ் பாஸில் இலவசமாகச் சேரலாம், பெட்டி வேறாக இருந்தாலும் சரி.

வீட்டில் பெரியவர்கள் "ஆன்லைன் கேம்" என்றாலே ரம்மியை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, எத்தனையோ குடும்பங்கள் அதில் நொந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. நண்பர்களோடு கன்சோலில் பந்து உதைப்பது அதில் வராது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அதே நேரம் எஃப்சி-யில் காசு கொடுத்துப் பிரிக்கும் வீரர் பாக்கெட்டுகளைத் தொடவே தொடாதீர்கள். யார் வருவார் என்று தெரியாமல் வாங்குவது அது. பெல்ஜியத்தில் அதற்கு எதிர்ப்பு வந்து 2019-இல் அங்கே விற்பனையையே நிறுத்தினார்கள். அம்மாவின் கார்டு, அப்பாவின் யுபிஐ எதையும் பெட்டியில் சேமித்து வைக்க வேண்டாம்.

வளைகுடாவிலிருந்து வரும் அண்ணனிடமோ மாமாவிடமோ சொல்லி வாங்கி வரச் சொல்பவர்களுக்கு: பெட்டி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், கரன்ட் பிரச்சினை இல்லை. பிளக் மட்டும் மூன்று தட்டைக் காலாக இருக்கும். அடாப்டர் தேட வேண்டாம். பழைய டேப் ரெக்கார்டருக்குப் போடும் எட்டு வடிவ வயரே பிஎஸ்5-க்கும் சீரிஸ் எஸ்-க்கும் பொருந்தும். அங்கே வாங்கிய பிஎஸ்5 டிஸ்க் இங்கே ஓடும், ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளும் டிஸ்க்கோடு வரும் கோட் எண்களும் அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். உங்கள் கணக்கு இந்தியக் கணக்கு என்றால் டிஸ்க்கை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியை மட்டும் கொண்டு வரட்டும். வாரன்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும் என்பதால், அங்கேயே பெட்டியைப் பிரித்து, டிவியில் மாட்டி, இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.